பூரண சுகம்

2024 மார்ச் 11, திங்கள்
விபத்து நடந்து நாலு மாதத்துக்குப் பிறகு இன்று மறுபடி ஷூ ஃபேக்டரி. தோலைத் தடவித் தரம் பிரிப்பதுதான் என் வேலை. கட்டைவிரலை வைத்தாலே மேல்பக்கம் தளர்ந்த இடம் தெரிந்துவிடும். இன்று தெரியவில்லை. வலது கை விரல்கள் மடங்குகின்றன, நீள்கின்றன, பார்க்க லட்சணமாக இருக்கின்றன — உள்ளே செத்துக் கிடக்கின்றன. நான் முதல் தரம் என்று ஒதுக்கியதை மேனேஜர் ஜியாவுல்லா பாய் தடவிப் பார்த்தார். எடுத்து இரண்டாம் தரத்தில் வைத்தார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 7, ஞாயிறு
விரிஞ்சிபுரம் பைபாஸில் கார் என் ஸ்கூட்டியை அடித்துத் தூக்கியும் பிழைத்தேன் அல்லவா, சபையில் சாட்சி சொல்ல வேண்டுமாம். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். "எழுந்திரு பெர்சிஸ், பாஸ்டர் கூப்பிட்றாரு." எழுந்தேன். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தார்." அல்லேலூயா. பாதி சுகம் என்று யார் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்?
யூடியூபிலும் போட்டுவிட்டார்கள். பெங்களூர் நாத்தனார் ஹார்ட் அனுப்பினார்.

ஜூலை 18
நஷ்டஈட்டு கேஸுக்காக மெடிக்கல் போர்டு.
"மடக்குங்கம்மா. நீட்டுங்க. பேனாவைப் பிடிங்க. நல்லாத்தானே இருக்கு?"
தொட்டால் தெரியவில்லை என்றேன். தெரியாததை எப்படிக் காட்டுவது? கையை வெட்டிக்கொண்டு போயிருந்தால் சுலபம்.

ஜூலை 29
பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

2025 பிப்ரவரி 20
கோர்ட்டில் இன்ஷூரன்ஸ் வக்கீல் செல்போனை நீட்டினார். என் குரல். பூரண சுகம்.
"ஏம்மா, கடவுள் முன்னாடி பொய் சொன்னீங்களா, ஜட்ஜ் முன்னாடி சொல்றீங்களா?"
யாரோ சிரித்தார்கள்.
"அது… எங்க சபையில அப்படித்தான் சார் சொல்லுவோம்."
"ஓ. சாட்சின்னா அப்படித்தானா? இப்ப இங்க சொல்றதும் சாட்சிதானேம்மா?"

வெளியே என் வக்கீல் வக்கார் அகமது: "இன்னா மேடம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"
சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லையே! ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு வக்கீலிடம் கணக்கு சொல்லுவார்களா?
வீட்டில் கத்தினேன். "நீங்கதான இடிச்சீங்க?"
"நன்றி சொல்லத்தான சொன்னேன்" என்றார் தேவானந்தம். சாப்பிடாமல் படுத்துவிட்டார். படுக்கட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்
தீர்ப்பு. நிரந்தர ஊனம் நிரூபிக்கப்படவில்லை. சாதாரணக் காயம். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும்.
"அப்பீல் போலாம் மேடம். வீடியோவும் கூடவே வரும்" என்கிறார் வக்கார் அகமது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
"சாட்சி சொல்ல யாராவது உண்டா?" என்றார் பாஸ்டர். யாரும் இடிக்காமலே எழுந்தேன்.
"எனக்கு இன்னும் சுகமாகல. இந்தக் கை விரல்ல சூடு தெரியல, சில்லுன்னு தெரியல. போன தடவை சொன்னது நிஜமில்ல."
பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாட்டு பாடுவோம்" என்றார்.
உட்கார்ந்தேன். பாட்டு பாதியில் தற்செயலாகக் குனிந்தபோதுதான் பார்த்தேன் — தேவானந்தம் என் வலது கை விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்தோ.

ஆகஸ்ட் 25
ஆராதனை வீடியோ வந்துவிட்டது. நான் எழுந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். பழையது அப்படியே இருக்கிறது.