வெல்டனின் இடது கை

1996 மார்ச் 4, ஆயில்டேல்

பீன்ஸ் அடிப்பிடிக்கிற நேரம் பார்த்து டெக்ஸ் போன் செய்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து. "நெல்டா, என் தங்கமே" என்றான். தங்கமாம்! அன்று தன் இசைக்குழுவிலிருந்து என் புருஷன் வெல்டனை அனுப்பியதைச் சொல்ல ஒரு போன் செய்ய அவனுக்குக் கை வரவில்லை. மேனேஜரின் பெண்டாட்டிதான் எனக்குச் சொன்னாள்.

சால்ட் வாகன் குழு மறுபடி சேர்கிறதாம். ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கச்சேரி. நன்றாகப் போனால் மேலும் ஏழு ஊர். "வெல்டனின் ஸ்டீல் கிட்டார் அழாமல் அது சால்ட் வாகனே இல்லை" என்கிறான். இவனுக்கு டெக்சஸ்காரன் மாதிரி டெக்ஸ் என்று பெயர் வைத்தவன் யார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கனெக்டிகட்டில் வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளை. டெக்சஸை விமானத்தின் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

மார்ச் 5

என்னைக் கேட்காமலே வெல்டன் சரி சொல்லிவிட்டான். சொல்லும்போது இடது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

அந்தக் கை ஜனவரியிலிருந்து பைக்குள்தான் வாழ்கிறது. நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல வெல்டன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரில் ஏறியதும் ஒரே ஒரு வாக்கியம்: "யார்கிட்டயும் மூச்சு விடாத நெல்டா. எனக்குப் பாவம் பாத்து ஒருத்தனும் சாப்பாடு செஞ்சு எடுத்துட்டு வரக்கூடாது."

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். போதும்.

மார்ச் 17

இன்று சுத்தம் செய்யும்போது அந்த விக் கிடைத்தது. சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

1970-இல் வெல்டன் பகலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, வாரக் கடைசியில் சால்ட் வாகன். தலையில் கிராப்பு, ஒட்ட வெட்டியது. மற்ற நால்வருக்கும் முடி தோளுக்குக் கீழே. புரட்சி செய்கிற பையன்கள் நடுவில் ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று டெக்ஸ் ஒரு பொன்னிற விக் வாங்கி மாட்டிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஸ் ஏஞ்சலஸில் கச்சேரி முடிந்து வெல்டன் அவசரமாக மலையைத் தாண்டி வந்து, இங்கே தன் கூட்டாளி ஆர்லிஸ் ப்ரூவெட்டின் மதுக்கடையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். விக்கைக் கழற்ற மறந்தே போனான். கிணற்று ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் சொன்னான்: "மூஞ்சிதான் கொஞ்சம் கரடுமுரடு. ஆனா அந்தப் பொண்ணு நல்லா வாசிக்குது."

இத்தனை செய்தும் இசைத்தட்டின் அட்டைப் படத்தில் வெல்டன் இல்லை. அவனுடைய ஸ்டீல் கிட்டாரின் ஒரு கால் மட்டும் ஓரத்தில் தெரியும்.

ஏப்ரல் 2

வாசிக்கிறான். மேஜைபோல நாலு காலில் நிற்கும் அந்தப் பத்துக் கம்பி ஸ்டீல் கிட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து, பெடலை ஒரு பாதத்தால் மிதித்து, முழங்காலால் நெம்பி, இடது கையில் எஃகு உருளையைக் கம்பிமேல் வழுக்கவிட்டு, சுரம் அலையடிக்க அதை லேசாக ஆட்டி. தையல் மெஷினோடு சண்டை போடும் ஆளைப்போல இருக்கும் பார்க்க. ஆனால் கேட்க—சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவனிடம் சொல்லமாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் வாசிக்கும்போது கை நடுங்குவதே இல்லை. வாசிப்பை நிறுத்தினால்தான் ஆரம்பிக்கிறது. ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் இதே வியாதிதான் என்று சொன்னேன். சிரித்தான்.

ஏப்ரல் 21

மதுக்கடை ஆர்லிஸைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனும் ஸ்டீல்காரன். இவனை அனுப்பிவிட்டு டெக்ஸ் அவனைத்தான் ஸ்டீல் வாசிக்க வைத்துக்கொண்டான். ஆறே மாதம். டெக்ஸ் தன் கிட்டார் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக, ஒருநாள் மேடையிலேயே "நீயே வாசிச்சுக்கோடா" என்று ஆர்லிஸ் எழுந்துவிட்டான். ஆனால் ஸ்டீல்காரன் கோபித்துக்கொண்டு விருட்டென்று போய்விட முடியுமா? பெடல் கம்பிகளைக் கழற்றணும். நாலு காலையும் திருகி எடுக்கணும். பெட்டிக்குள் அடுக்கணும். மூன்று பாட்டு முடியும்வரை மேடையில் குனிந்து திருகிக்கொண்டிருந்தான். ஜனங்கள் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்களாம்.

அதன்பிறகு வெல்டனும் ஆர்லிஸும் பேசியதில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்தான் என்று இவனுக்கு ஆத்திரம். என்ன பெரிய சிம்மாசனம்.

மே 12

கை இன்று மோசம். முட்டையை உடைக்கச் சொல்லியிருக்கக்கூடாது.

மே 30

ஒத்திகைக்கு நானும் போனேன். முன்னால் வழுக்கை, பின்னால் நரைத்த குதிரைவால்: நாலு பேரும் அதே வார்ப்பு. வெல்டன் தந்திரம் கண்டுபிடித்துவிட்டான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கையை மடியில் வைக்காமல் உருளையோடு கம்பிமேலேயே வைத்துக்கொள்கிறான். வால்யூம் பெடலைக் காலால் மூடிவிட்டால் சத்தம் வெளியே வராது. நடுங்குவது யார் கண்ணிலும் படாது. யாருக்கும் தெரியவில்லை.

"ஆளு மாறவே இல்ல" என்று டெக்ஸ் அவன் முதுகில் தட்டினான். அறிந்துகொள்ள அவன் எங்கே மனிதர்களைப் பார்க்கிறான்?

ஜூன் 9

நேற்று நடந்ததை நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. வெல்டன் தேன்போல வாசித்தான். போதுமா? எழுதிவிட்டேன். ஏழாவது பாட்டு முடிந்ததும் டெக்ஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். இளமையில் புழுதிச் சாலைகளில் அலைந்தானாம். ஒரு மதுக்கடையில் இந்த இசையைக் கண்டுபிடித்தானாம். "இந்த எளிய மக்களை நான் கண்டுபிடிச்சேன்..." என்னவோ நாங்கள் அதுவரை தொலைந்துபோய்க் கிடந்த மாதிரி.

அப்போது ஒரு சத்தம். கொதிக்கிற பானையின் மூடிபோல. டிகுடிகுடிகு.

ஐயோ, கை... இவன் கைதான். பெடல மூட மறந்துட்டான். எல்லாருக்கும் தெரியப்போவுது. எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சு.

டெக்ஸ் நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. முதலில் ஒரு பெண் சிரித்தாள், பிறகு ஒரு வரிசை. "என் தாத்தாவின் பண்ணையில்" என்று மறுபடி தொடங்கினான். சத்தம் இன்னும் பெரிதானது. அரங்கு முழுக்கச் சிரித்தது. வெல்டன் வேண்டுமென்றே கிண்டல் செய்கிறான் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். டெக்ஸ் முகம் பீட்ரூட் ஆனது. தாத்தாவைப் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவினான்.

திரும்பும்போது மலை இறங்கியதும் கேட்டேன்:

"பெடல் உன் காலுக்கு அடியிலதான இருந்துச்சு?"

"ஆமா."

"ஏன் மூடல?"

"மொதல்ல மறந்துட்டேன்."

"அப்புறம்?"

"அவங்க சிரிச்சாங்க. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு." கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்: "நல்லா அழுத்தித் தொறந்துவிட்டேன்."

ஜூன் 11

டெக்ஸ் போனில் கத்தினான். "வேணும்னே பண்ணானா இல்லையா? அத மட்டும் சொல்லு நெல்டா." நுனிநாக்கு வரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அடுத்த நொடி அவன் குரல் தழதழக்கும். பூங்கொத்து வரும். ஏழு ஊரிலும் இவனை மேடையில் உட்காரவைத்து, மைக்கில் வியாதியையும் சேர்த்துச் சொல்லி, கைதட்டல் வாங்குவான். எதிரே வெல்டன் தலையை ஆட்டினான்: வேண்டாம்.

"வேணும்னேதான் டெக்ஸ். மூணு மாசமா வீட்ல உக்காந்து பழகுனான்" என்றேன்.

ஏழு ஊரும் போயிற்று. என் புருஷனை ஒரே ஆள் இரண்டாம் முறை வேலையை விட்டுத் தூக்கிவிட்டான். இந்தத் தடவை போனாவது செய்தான், அந்த மட்டும் முன்னேற்றம்.

"சீக்காளின்னு நெனச்சு கையத் தடவுறதவிட, திமிரு புடிச்சவன்னு நெனச்சு வையட்டும்" என்றான் வெல்டன். ஆனால் ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 16

ஆர்லிஸ் ப்ரூவெட் கூப்பிட்டான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு. அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்தானாம். நானும் காதை ரிசீவரோடு ஒட்டவைத்துக்கொண்டேன். நலம் விசாரிப்பு ஒன்றுமில்லை.

"டேய், நாப்பது வருஷமா உன் கை ஆட்டம் கேவலமா இருந்துச்சு. இப்பத்தான் ஒரு வழிக்கு வந்திருக்கு."

ஆர்லிஸ் குரலைத் தணித்தான். "எப்பலேர்ந்துடா?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"டெக்ஸ் என்னைக் கூப்புட்டான். ஏழு ஊருக்கும் உன் எடத்துல."

எனக்கு ரத்தம் கொதித்தது. வெல்டன் நிதானமாகக் கேட்டான்: "போறியா?"

"போறேன். ஏழு ஊர்லயும் அவன் பேசுவான்ல? ஏழு ஊர்லயும் அந்தச் சத்தம் வரும். எப்படி எடுக்குறதுன்னு சொல்லிக் குடு. இங்க கிட்டார் முன்னாலதான் உக்காந்திருக்கேன்."

வெல்டன் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடம் ஆரம்பித்தான். போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். அந்தப் பக்கம் கம்பிமேல் இரும்பு தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"அது இல்லடா. நீ ஆட்டாத. கைய விட்டுடு. அதுவா ஆடணும்."

சாயங்காலம்வரை சொல்லிப் பார்த்தான். ஆர்லிஸுக்கு வரவே இல்லை.