ஈசான மூலையில் நின்ற ஆமை

அண்ணை,

இன்று காலை கடையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டிகளை இறக்கும்போது ஒன்றின் அடியிலிருந்து அந்த மணம் வந்தது. நசிந்து, புளிக்கத் தொடங்கும் பழத்தின் மணம். வியாபாரிக்கு அது நட்டத்தின் மணம். முப்பது வருஷமாய் மூக்கைச் சுளித்தவன் நான். இன்று கை தானாகவே நாலைந்து பழத்தைப் பொறுக்கிக் கடதாசிப் பையில் போட்டது. பிறகுதான் வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்தது.

என் வீட்டு பேஸ்மெண்டில் தனியாக இருந்த நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் கடைக்கு வந்து, நசிந்த ஸ்ட்ரோபெரியும் கறுக்கத் தொடங்கிய காளானும்தான் கேட்பீர்கள். "நல்லதாய் எடுங்கோவன் அண்ணை" என்றால், "நல்லது சாப்பிடுற ஆக்கள் வேற, முதலாளி" என்பீர்கள். மற்றவர்கள் என்னை மரியாதைக்கு முதலாளி என்றார்கள். நீங்கள் மட்டும் நக்கலுக்குச் சொன்னீர்கள்.

ஒரு ஒக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுபோனது. திருத்த வந்த பெடியன் கீழே போய்விட்டு வந்து, "உங்கட ஆமையள் ரெண்டும் நல்ல வடிவு அங்கிள்" என்றான். இறங்கி ஓடி வந்தேன். ஜன்னலுக்குக் கீழே பெரிய மரப்பெட்டி, நிறைய மண், மேலே ஒரு விளக்கு. என்னைக் கண்டதும் இரண்டும் தலை காலை இழுத்து, அடி ஓட்டைக் கதவு மாதிரித் தூக்கிப் பூட்டிக்கொண்டன. பெட்டி ஆமை என்று பெயர் வந்த காரணம் அன்றுதான் விளங்கியது.

"ஆமை புகுந்த வீடு உருப்படுமோ அண்ணை? நான் வியாபாரம் செய்யிற ஆள்!"

"புகுந்து ஆறு வருஷம், முதலாளி. அதுக்குள்ள நீர் இரண்டாவது கடையும் திறந்திட்டீர்."

நியாயம் சொன்னால்தான் எனக்குக் கோபம் கூடும். "உதுகளை ஆருக்காவது குடுங்கோ. இல்லாட்டி மாத முடிவுக்குள்ள மூண்டு பேருமாய் வெளிக்கிடுங்கோ" என்றேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "அப்ப மூண்டு பேரும்தான்" என்றீர்கள்.

அந்த மாதம் நான் அடிக்கடி கீழே வந்தேன். நீங்கள் சாமான் கட்டுகிறீர்களா என்று பார்க்க வருவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதுகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் விளக்குப் போட்டதும் முதலில் மண் அசையும். பிறகு ஒரு மூக்கு. கால்மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுத்தான் இரண்டில் பெரியவ வெளியே வருவா. வந்து தண்ணீர்த் தட்டில் ஏறி, குளிக்க வந்த ஆள் மாதிரிக் குந்துவா. மற்றவன், சிவப்புக் கண்ணன், அப்படி இல்லை. நீங்கள் போத்தலால் மழை பெய்வித்தால் மட்டும் வருவான். மண்புழுவைப் பார்த்தால் கழுத்தைச் சரித்து, ஒரு கண்ணால் நெடுநேரம் விலை பேசுகிறவன் மாதிரிப் பார்ப்பான்.

"இண்டைக்குப் புழு இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையெல்லே. அதுகளும் மரக்கறி."

"நான் வெள்ளியிலும் மீன் சாப்பிடுற ஆள், அண்ணை."

"அப்ப உம்மை விட அதுகள் சுத்தம்."

சிரித்தேன். சிரித்துவிட்டும், மாத முடிவில் கடைச் சாமான் ஏற்றும் வானை அனுப்பினேன். என் கடை வாழைப்பழப் பெட்டிக்குள் இரண்டையும் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு போனீர்கள்.

உங்கள் புது வீடு ஸ்காபரோவின் மறுகோடியில், பதினாலாம் மாடி. பனிக்காலத்திலும் இரண்டு பஸ் மாறி வெள்ளி தவறாமல் கடைக்கு வந்தீர்கள். ஒருநாள் போனில், "பெரியவ தண்ணித் தட்டுக்கும் போறாளில்லை. எந்த நேரமும் ஒரு மூலையில சுவரை முட்டிக்கொண்டு நிக்கிறா. பெட்டியைத் திருப்பி வைச்சாலும் அதே பக்கம்தான் போறா" என்றீர்கள்.

"எந்த மூலை?"

"வடகிழக்கு."

"ஈசான மூலை! வாஸ்து தெரிஞ்ச ஆமை, அண்ணை. உங்களுக்கு நல்ல காலம்தான்."

நீங்கள் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம்தான் முதலாளி, உம்மட வீடு."

வாய் திறந்து கேட்காத ஆள் என்ன கேட்கிறான் என்று கண்டுபிடித்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கும் எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன். "கஸ்டமர் நிக்கினம் அண்ணை" என்று போனை வைத்தேன். ஒருவரும் நிற்கவில்லை.

பிறகு இரண்டு வெள்ளி நீங்கள் வரவில்லை. என் புத்தி போன இடத்தைச் சொல்கிறேன்: வேறு கடை பிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ரோசத்தில் நானாகக் கோல் எடுத்துக் கேட்கவில்லை. மூன்றாம் வெள்ளி உங்கள் கட்டடப் பொறுப்பாளர் எனக்குக் கோல் எடுத்தார். நீங்கள் ஆஸ்பத்திரியில் கண் மூடி இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவருக்கு என் நம்பர் கிடைத்தது மரப்பெட்டியின் பக்கத்துப் பலகையில். நம்பருக்குக் கீழே நீங்கள் தமிழில் எழுதியிருந்தீர்கள்: 'காலையில் மழை. பெரியவவை அவசரப்படுத்தக் கூடாது. வெள்ளி மரக்கறி.' அந்த மாடியில் தமிழ் வாசிக்க ஒருவர் இல்லை. யாருக்கு எழுதினீர்கள் என்று யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. நான் போனபோது காய்ந்து வெடித்த மண்ணில், பெரியவ அந்த மூலையில்தான் நின்றுகொண்டிருந்தா.

என் பேஸ்மெண்டில், பழைய ஜன்னலுக்குக் கீழேயே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். பெரியவ ஒரு சுற்றுச் சுற்றி வந்தா. தண்ணீர்த் தட்டில் குந்தினா. பிறகு நடுவில் மண்ணைக் கிண்டிப் படுத்தா. அதன் பிறகு ஒருநாளும் சுவரை முட்டவில்லை. மூன்று பேரை வெளியே போகச் சொன்னேன். இரண்டு பேரைத்தான் திருப்பிக் கொண்டுவர முடிந்தது.

மேலே வீடு வெறுமை, அண்ணை. மகனுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கு விட்பி நகருக்குப் போன என் மனுசி அங்கேயே தங்கிவிட்டா. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே சத்தம் இருக்கிறது, இங்கே இல்லை, அவ்வளவுதான். ஆமை இருந்த ஆறு வருஷமும் இந்த வீடு நிறைந்துதான் இருந்தது.

சற்று முன்னர் மனுசி கோல் எடுத்தா.

"பேஸ்மெண்ட் சும்மாதானே கிடக்குது. ஆரையும் இருத்துங்கோவன்."

"ஆக்கள் இருக்கினம்" என்றேன்.

"எனக்குச் சொல்லேல்லை. எப்பிடிப்பட்ட ஆக்கள்?"

"வெள்ளிக்கிழமை மரக்கறி."

"அப்ப நல்ல ஆக்கள்தான்" என்று வைத்துவிட்டா.

கடதாசிப் பையை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். கடைசிப் படியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். என்னைக் கண்டால் இரண்டும் இப்போது பூட்டிக்கொள்வதில்லை. பெரியவ பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. நான் அவசரப்படுத்தவில்லை.