ஓடக்காரி திரும்பி வந்த நாவல்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

பிரிந்து இரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, வக்கீல் விஷயம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற நம் எழுத்தாளரின் மாயாஜால வரிசையில் நான்காவது நாவல் வந்துவிட்டது. உனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் படித்து மூன்று நாளில் முடித்தேன். மனசு விட்டுப் போயிற்று. முதல் மூன்றில் ராட்சசனுக்குக்கூடப் பல்வலி வரும். இதில் ஆளாளுக்குப் பிரசங்கம் செய்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாவலில் ஆற்றோடு போன ஓடக்காரிப் பெண், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஈரத் தலையோடு வந்து "பசிக்குது" என்று நிற்கிறாள். செத்தவளைக் கூட்டி வருவது ஏமாற்று வேலை இல்லையா? நீ என்ன சொல்கிறாய்?

உன் கணவன்
(இன்னும் அப்படிப் போடலாம் என்றால்)

மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

புத்தகம் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டி முடித்துவிட்டு, பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் சொன்ன மாதிரி சவசவதான். ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தை நாலு தடவை படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போனதே தெரியவில்லை.

நம் பொடிசு காய்ச்சலில் போன ஏழாம் நாளே அவள் கட்டிலைக் கழற்றியவர் நீங்கள். "அவ பேச்சை எடுக்காதே" என்று ஒரே வார்த்தை. உங்களுக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

ஓடக்காரி செத்ததற்கு அவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு எழுத்தாளருக்கே கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி உங்களிடம் தந்தாளே? பதினோரு வயசுப் பிள்ளை கெஞ்சியதற்காகத்தான் அவர் ஓடக்காரியைக் கூட்டி வந்திருக்கிறார். எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கேயோ இருக்கிற மனுஷர் நம் பிள்ளை பேச்சைக் கேட்டிருக்கிறார். அதற்காக முழு நாவலையும் மன்னித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசின் அம்மா

மார்ச் 27

வாயாடி,

நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவே இல்லை. வெளிநாட்டுக்கு என்பதால் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று கடை இழுப்பறையில் வைத்தேன். "அப்பா, போட்டாச்சா?" என்றாள். "அன்னைக்கே போட்டாச்சு" என்றேன். அதற்கப்புறம் தினமும் பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறுமாதம் அவளே இல்லை.

பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அவளிடம் சொன்ன பொய்யே போதும். ஒட்டியபடியே இதோடு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

பொடிசின் அப்பாவுக்கு,

மூன்று நாள் கழித்துத்தான் பிரித்தேன். அவள் எழுதியிருப்பது இது:

"ஓடக்காரியைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடாதீங்க. வந்துட்டா நான் அழுததெல்லாம் பொய்யாப் போயிடும். ஆனா அவ ஓடத்தை வேற யாருக்கும் குடுக்காதீங்க. கரையிலேயே கிடக்கட்டும்."

நாவலைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி. மகள் உங்கள் கட்சி. அந்த எழுத்தாளருக்குத்தான் என்ன அவசரமோ, யாரும் கேட்காமலே கூட்டி வந்துவிட்டார்.

எனக்கென்று அந்த ஒரு அத்தியாயம் இருந்தது. அதுவும் இப்போது இல்லை. நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று காலையில் நினைக்கிறேன். சொன்னதுதான் சரி என்று சாயங்காலம் தோன்றுகிறது.

கடிதம் என்னிடமே இருக்கட்டும். நீங்கள் இனி எழுத வேண்டாம். கோபம் ஆறினால் நானே எழுதுவேன். ஆறுமா என்று தெரியவில்லை.

அம்மா