அணியத்தில் நான் எழுதிய பேர்

மச்சான்,

நேற்றுக் காலை என் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று ஒருவனை ஏசிவிட்டேன். கடைக்குள் இருந்தவர்கள் வடையைக் கடித்தபடி அப்படியே உறைந்து போனார்கள். அவர்களுக்கு என்னைப் பகிடிக்காரனாகத்தான் தெரியும். தேத்தண்ணி பிந்தினால் மாடு இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பேன், சீனி குறைந்தால் உங்கள் மனைவிமார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள் என்பேன். அப்படிப்பட்டவன் நடுவீதியில் நின்று கத்தினால் சனம் என்ன நினைக்கும்?

எல்லாம் ஒரு மணத்தால் வந்தது. பக்கத்துக் கடையில் வேன் பம்பர் ஒட்டுகிறவன் ரெசின் டின்னைத் திறந்திருந்தான். மூக்கைச் சுட்டுத் தொண்டைக்குள் இறங்கும் அந்த மணம் உனக்குத் தெரியும். வேன்காரனிடம் மூன்று படை நார் போட்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்து, ஒன்றுதான் போட்டேன் என்று சிரித்தான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாயில் வந்ததெல்லாம் அவன் மேல் விழுந்தது. ஆனால் பாதி ஏச்சு அவனுக்குரியது அல்ல. அது உனக்குரியது. நீ செத்துப் போய்விட்டாய், அதனால் அவன் வாங்கிக்கொண்டான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் மடல் எழுதுகிறான் என்று சிரிக்காதே. நேரே சொல்ல வேண்டியதைச் சொல்ல நீ இடம் தரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, உன்னிடமும் வள்ளம் இல்லை, என்னிடமும் இல்லை. ஆற்றங்கரையில் தகரம் போட்டு பைபர் வள்ளம் கட்டும் பட்டறை தொடங்கிய முதலாளிதான் நம்மைக் கூப்பிட்டார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அலையில் கொடுத்த மனிதர். மத்தியானம் நம்மோடு நிலத்தில் குந்தி ஒரே சட்டிக் கறியில்தான் சாப்பிடுவார். உன் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் மோட்டார் சைக்கிளில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவர். அந்த மனிதருக்கு மாறாக வாய் திறப்பது லேசான காரியம் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. இதை எழுதும்போதும் அவரைக் கெட்டவர் என்று எழுத என் கை போகவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அச்சுக்கு மெழுகு பூசி, நிறம் பூசி, கண்ணாடி நார் மெட்டை விரித்து, ரெசின் ஊற்றி, நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நின்று காற்றுக் குமிழி போக ரோலர் உருட்டுவோம். அடிப்பகுதிக்கு ஐந்து மெட். ரெசின் இறுகியதும் கரண்டிக் காம்பால் ஒரு முழத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டிப் பார்ப்பாய். வைத்தியர் நெஞ்சில் தட்டுவது போல. வள்ளத்துக்கு மூச்சு வாங்குகிறதா என்று நான் கேட்பேன். நீ சிரிக்க மாட்டாய். உன்னைச் சிரிக்க வைப்பதற்காகவே நான் நாள் முழுக்க உழைத்தேன். முதலாளி எனக்குத் தந்த வேலையைவிட அது கடினமான வேலை.

பேர் எழுதும் வழக்கத்தைக் கொண்டு வந்தவனும் நீதான். ஒரு மெட் துண்டில் உன் பேரும் என் பேரும் எழுதி, வள்ளத்தின் முன்பக்கம், அணியத்துக்கு உட்புறம், கடைசிப் படைக்குக் கீழே வைத்துவிடுவாய். ரெசின் இறுகினால் கண்ணாடிக்குள் தெரிவது போல எழுத்துத் தெரியும். "கை வெச்சவன் ஆரெண்டு தெரியோணும்டா" என்றாய். விளம்பரமா என்று கேட்டேன். "இல்ல. நாளைக்கு உடைஞ்சா ஆரத் தேடி வாற எண்டு அவனுக்குத் தெரியோணும்" என்றாய். கொஞ்ச நாளில் கரையெல்லாம் அந்தக் கதை போய்விட்டது. வள்ளம் எடுக்க வருகிறவர்கள் இயந்திரத்தைப் பார்க்க முதல் அணியத்துக்குள் தலையை விட்டு நம் பேரைப் பார்த்தார்கள். நான் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு முதல் எல்லா வள்ளங்களையும் கொடுத்து முடிக்க வேண்டும் என்று உதவி நிறுவனம் நாள் குறித்தது. கடைசி எட்டு வள்ளம் மிச்சம். மெட் போதாது, வர வேண்டிய லொறி வரவில்லை. முதலாளி நம் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பிமார், இது எட்டும் ஆத்துல ஓடப்போறதுதானே. கடலுக்கா போகப்போகுது? மூண்டு மெட் போதும். என்ட வாக்கக் காப்பாத்தித் தாங்க."

நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு போய் ரோலரை எடுத்தாய். நானும் எடுத்தேன். முதல் வள்ளம் முடிந்ததும் பேர் எழுதிய துண்டை நான் கொண்டு வந்தபோது, என் கையைத் தள்ளிவிட்டு, "இதுல வேணாம்" என்றாய். எட்டிலும் பேர் வைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு நீ பெரிய மனிதனாகத் தெரிந்தாய். முதலாளி சொல்லையும் தட்டவில்லை, பொய்க்குப் பேரும் கொடுக்கவில்லை என்று நினைத்தேன்.

இன்றைக்குக் கேட்கிறேன், எழுதாத பேரை யார் வாசிப்பான்? அணியம் வெறுமையாக இருந்தால் அடி மெல்லிசு என்று நீயும் நானும்தான் அறிவோம். வள்ளம் எடுத்தவனுக்கு அது தெரியுமா? உன் பேரைச் சுத்தமாக வைத்துக்கொண்டாய், வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டாய்.

கொடுக்கிற நாளில் அந்த எட்டில் ஏழு வள்ளம் வவுணதீவுப் பக்கம் ஆற்றுக்குப் போனது. எட்டாவது, தேற்றாத்தீவு மரியதாஸ் அண்ணனுக்கு என்று வாசித்தார்கள். கடல்காரர். அலையில் மனைவியைக் கொடுத்து ஒரு மகனோடு மிஞ்சியவர். நீ முதலாளியைத் தேடிப் போனாய், வள்ளத்தை மாற்றக் கேட்பதற்கு. அதற்குள் அந்த மனிதர் அணியத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மனே, எங்கட கரைக்கு வந்த மத்ததிலயெல்லாம் பேர் இரிக்கி. என்ட வள்ளம் மட்டும் என்ன, தாய் தகப்பன் இல்லாததா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகிடிதான் வந்தது. "மறந்திட்டம் அண்ணன். இந்தா, ஞானஸ்நானம் குடுத்திடுவம்" என்று சொல்லி, என் கோணல் எழுத்தில் இரண்டு பேரையும் எழுதி மேலே ஒரு கை ரெசின் பூசிவிட்டேன். அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது போதும், எப்போதும் அதுதானே எனக்குப் போதும்? பட்டியலை மாற்ற ஏலாது என்று நிறுவனத்துக்காரர் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நீ திரும்பி வரும்போது வள்ளம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போயிருந்தது. நான் செய்ததை உனக்குச் சொல்லவில்லை.

பிறகு சண்டை முற்றியது. ஆற்றுக்கு அப்பால் படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு இந்தப் பக்கம் வந்தது. அந்த ஏழு வள்ளங்களில் சில எரிந்தன, சில தொலைந்தன. மரியதாஸ் அண்ணன் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று பயந்து மகனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்தார். மகன் வராமல் கடலுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். நான் அதைக் கேட்டு நிம்மதிப்பட்டேன் மச்சான். ஊரே அழுதுகொண்டிருந்தபோது, சண்டை நீண்டால் அந்த வள்ளம் கரையிலேயே கிடக்கும் என்று கணக்குப் போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சண்டை முடிந்தது. மகன் வந்துவிட்டான், நாளைக்கு வள்ளம் இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நீதான் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாய். முதலாளி அப்போது பட்டறையை மூடிவிட்டுக் கனடாவில் இருந்தார். நாம் இரண்டு பேரும் வேறொருவரின் கொட்டிலில் பழைய வள்ளங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கரையில் மரியதாஸ் அண்ணனும் மகனும் வள்ளத்துக்குப் புது நிறம் பூசிக்கொண்டு நின்றார்கள். நீ வணக்கம்கூடச் சொல்லவில்லை. இந்த வள்ளத்தின் அடி மெல்லிசு, கடலுக்கு இறக்க வேண்டாம், நாங்களே வந்து இரண்டு மெட் போட்டுத் தருகிறோம் என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"இவன்ட பகிடிக்கு நீயும் சேந்திற்றியா? மெல்லிசெண்டா உங்கட பேர் ஏன் இதுக்குள்ள கிடக்கு? வந்து பார்."

நீ குனிந்து பார்த்தாய். என் கோணல் எழுத்தை உனக்குத் தெரியாதா? ஆயிரம் எழுத்துக்குள் வைத்தாலும் தெரியும். நிமிர்ந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்கட பேர்தானே?" என்று அவர் கேட்டதற்கு, "ஓம் அண்ணன்" என்றாய்.

அவ்வளவுதான். அவர் உன் தோளில் தட்டி, மீன் பட்டால் உனக்கும் ஒரு கோர்வை என்றார். நான் பக்கத்தில் நின்றேன். பிறந்த நாள் தொட்டு மூடாத இந்த வாய் அன்றைக்கு மூடிக் கிடந்தது. "நான் எழுதினது" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? இரண்டு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், வள்ளம் கரையில் நின்றிருக்கும்.

திரும்பி வரும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சைக்கிளை நிறுத்தாமலே பதில் சொன்னாய். "உன்னக் காட்டிக் குடுத்துப்போட்டு நாளைக்கு எப்பிடிடா உனக்கு முன்னால நிண்டு ரோலர் உருட்டுற?"

எனக்கு அப்போது நெஞ்சு குளிர்ந்தது. உன்னைப் போல ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் வள்ளத்தின் அடி பிளந்தது. தகப்பனும் மகனும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் கட்டிப் பிடித்தபடி வெயிலில் மிதந்தார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கத்து வள்ளம் ஒன்று கண்டு ஏற்றியது. உயிர் தப்பினார்கள். மகன் அதோடு கடலை விட்டான். மரியதாஸ் அண்ணன் இழுத்து வந்த வள்ளத்தை அறுத்து, அணியத் துண்டை உன் வீட்டு முற்றத்தில் கொண்டு வந்து போட்டார். நீயா மெட் குறைத்தாய் என்று கேட்டார். நீ அதற்கும் ஓம் என்றாயாம். உன் வாயில் முதலாளி பேரும் வரவில்லை, என் பேரும் வரவில்லை. கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருந்த மனிதனை இங்கே நின்று காவல் காத்தாய்.

ஊர் உன்னைத்தான் பிடித்தது. அணியத்தில் என் பேரும் இருந்ததே, என்னை ஏன் விட்டார்கள்? இவன் பகிடிக்காரன், இவனுக்கு என்ன தெரியும், பெரியவன் சொன்னதைச் செய்திருப்பான் என்றார்கள். நானும் அதைத் திருத்தவில்லை. உனக்கு யாரும் வேலை தரவில்லை. செங்கல் அரிந்தாய், மண் சுமந்தாய், ரெசின் தின்ற நெஞ்சோடு இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாய். நான் தேத்தண்ணிக் கடை போட்டு ஊரைச் சிரிக்க வைத்தேன்.

இப்போது கேள். உனக்கு யார் அனுமதி தந்தது? என் பிழையை என்னிடம் கேட்காமல் தூக்கிக்கொண்டு போக நீ யார்? கூட வேலை செய்கிறவனைக் காப்பாற்றினாய் என்று நினைத்தாயா? அன்றைக்கு நீ என் கழுத்தைப் பிடித்து, "சொல்லுடா" என்று தள்ளியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அழுதாவது சொல்லியிருப்பேன். சோறு போட்டவனுக்கு உண்மையாக இருந்தாய். பக்கத்தில் நின்றவனுக்கு உண்மையாக இருந்தாய். வள்ளத்தில் ஏறியவனை விட்டுவிட்டாய். அந்த மூன்று பேரில் எவன் தண்ணீரில் மிதந்தான்? அவன்தானே?

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அன்று உன் மனைவி என்னைக் கோழிக்கூட்டுப் பக்கம் கூப்பிட்டாள். கூட்டுக்கு மூடியாகக் கிடந்த அணியத் துண்டைக் கழுவித் தந்தாள். "அண்ணன், இது உங்களுக்கெண்டு சொல்லிற்றுப் போனவர்" என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கோழி எச்சம் படிந்த உன் பேரையும் என் பேரையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே தேற்றாத்தீவுக்கு பஸ் ஏறினேன்.

மரியதாஸ் அண்ணனுக்கு இப்போது கண் மங்கல். துண்டைத் தடவிப் பார்த்தார். பேர் வைத்த கதையை முழுக்கச் சொன்னேன். ஒரு பகிடி விடவில்லை. அப்போது ஏன் அவன் ஓம் என்றான் என்று கேட்டார். ரோலர் கதையைச் சொன்னேன், நீ சொன்ன வார்த்தை மாறாமல்.

"அவன் உனக்கு நல்லவன்" என்றார். பிறகு துண்டை என் மடியில் வைத்தார். "எனக்கு?"

துண்டை எடுத்துக்கொண்டு எழும்பி வந்தேன். அவர் என்னை ஏசவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. தேத்தண்ணிகூடத் தந்தார்.

துண்டைக் கடைச் சுவரில், சீனிப் போத்தலுக்கு மேலே ஆணி அடித்து வைத்திருக்கிறேன். நேற்று ஏசி முடித்த பிறகு, வேன்காரன் வந்ததும், உன் பம்பரில் ஒரு படைதான் இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரன் இன்று தேத்தண்ணிக்கு வரவில்லை. வராமல் இருக்கட்டும். நாளைக்கும் அவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும், காட்டிக் கொடுத்த பிறகும் அது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது உனக்குத் தெரியாமல் போனதுதான் என் ஆத்திரம்.

கடைக்கு வருகிறவர்கள் சுவரைக் காட்டி, இது யார் எழுத்து, கோழி கிண்டியது போல இருக்கிறதே என்று கேட்கிறார்கள். நல்ல பகிடிக்கு இடம் இருக்கிறது. விடுவதில்லை. தேத்தண்ணியை ஆற்றி அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, அன்றைக்கு அந்தக் கரையில் வராத இரண்டு சொல்லையும் சொல்கிறேன்.

"நான் எழுதினது."