காலுக்குச் சொந்தக்காரன்

என் அன்புள்ள வாத்துக்கு,

கொக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது தெருக்கோடியில் வருகிறவர்களைக்கூட அடையாளம் கண்டு குறை சொல்கிறாள். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத்தனை வருடம் கழித்து யாராவது என்னைக் கொக்கு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேனா என்று யோசித்ததுண்டு. அன்று சாயங்காலம் தையல் கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளேயிருந்து அம்மா, "கொக்கைத் தேடிக்கிட்டு வாத்து வந்துட்டுப் போச்சு" என்றாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேசையில் ஒரு டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. அது உனக்குப் போட்டதாம்.

நீ உட்காரவே இல்லையாம். அம்மா மூன்று தடவை நாற்காலியை இழுத்துப் போட்டாளாம். "நின்னுக்கிட்டே சொல்லிடறேம்மா, உக்காந்தா சொல்ல வராது" என்றாயாம். நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னிடம் விட்டுவிட்டு நான் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போனது, பந்து மொட்டை மாடித் தொட்டி மேல் விழுந்தது, படிக்கிற சுவாரசியத்தில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "நீயே ஏறி எடுத்துக்கோ" என்று நீ சொன்னது, அவன் விழுந்து காலை உடைத்துக்கொண்டது, அப்புறம் எல்லோர் முன்னாலும் "அவதான் ஏறச் சொன்னா" என்று என்னைக் கை காட்டியது, ஒன்று விடாமல் சொன்னாயாம். சொல்லி முடித்ததும் வந்த வேகத்தில் படியிறங்கியிருக்கிறாய். அம்மா பின்னாலேயே வந்து, "விலாசத்தை எழுதி வச்சுட்டுப் போடி" என்று அதட்டியிருக்காவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை. மருந்து அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கிறாய். கையெழுத்து மாறவே இல்லை, எல்லா எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கிறது.

இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னது செய்தி வாசிக்கிற மாதிரி. சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் துலக்கப் போனாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

அந்த நாளைப் பற்றி ஒன்று உனக்குத் தெரியாது. நீ என்னைக் கை காட்டியபோது, "பொய், நான் அங்க இல்லவே இல்ல" என்று ஒருமுறை கத்தினேன். அம்மா அறைந்தாள். மறுபடி கத்த வாயெடுத்தேன். அதற்குள் உன் கையைப் பார்த்துவிட்டேன். பாவாடையைக் கிழிகிற அளவுக்கு அது முறுக்கிக்கொண்டிருந்தது. உனக்குப் பின்னால் உன் அப்பா இடுப்பில் கை வைத்தபடி நின்றார். அவருடைய பெல்ட் உன் முதுகில் போட்ட கோடுகளைப் பள்ளிக்கூடக் குழாயடியில் நான் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய் அல்லவா. வாயை மூடிக்கொண்டேன். நாளைக்கு வந்து நீயே அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. அடுத்த மாதம் உன் வீட்டுச் சாமான் லாரியில் ஏறிவிட்டது.

தம்பி படுக்கையில் கிடந்த காலமெல்லாம் நான்தான் கூட இருந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதுகூடப் பெரிதில்லை, தையல் எனக்குப் பிடித்த வேலைதான். இப்போது கூடத்தில் துணி வெட்டுவதெல்லாம் என் பொறுப்பு. என்னைக் கொன்றது வேறு. தம்பிக்கு மகள் பிறந்தாள். ஒரே வீடு, அடுத்தடுத்த அறை. ஆனால் அம்மா ஒருநாளும் அந்தக் குழந்தையை என்னிடம் தனியாக விட்டதில்லை. தம்பி மனைவி என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், அம்மா ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். அவன் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான் என்று அம்மா சொல்லியிருப்பாள். கால் கொஞ்சம் தாங்கித்தான் நடப்பான், ஆனால் நாள் பூரா நின்று வேலை செய்வான், கத்திரியைவிட வாய் வேகம். கடைக்கு விடுமுறையான அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கையை உதறிவிட்டு, "உன்னைத் தொட்டி மேல ஏறச் சொன்னது உங்க அக்கா இல்லயாம்டா, அந்த வாத்துப் பொண்ணாம்" என்றாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தாமலே, "யாரு ஏறச் சொன்னா என்னம்மா, அப்பல்லாம் நான் தினமும்தான் ஏறுவேன்" என்றான்.

"எதுக்கு ஏறுவீங்க?" என்றாள் அவன் மனைவி.

"அங்க புறா முட்டை போட்டிருந்துச்சு. பந்து தானா விழலைன்னா நானே தூக்கிப் போட்டிருப்பேன். அன்னைக்குத் தொட்டி வழிஞ்சு ஏணி ஈரமா இருந்துச்சு, வழுக்கிட்டேன். கால் என்னோடது. ஊரே அதைப் பத்திப் பேசினீங்க, காலுக்குச் சொந்தக்காரன்கிட்ட ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஏண்டா நீயாக வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. படுக்கையில் கிடந்தபோது யார் யாரைத் திட்டினார்கள் என்றே அவனுக்குத் தெரியாதாம். அக்கா பள்ளிக்கூடம் போகாதது தன்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். "அப்படியும்தான்" என்றேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை, தலைவலி. தம்பியும் அவன் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். என் மடியில் வைத்தாள். "கண்ணுக்கு விடற மருந்து தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்றாள். குடையை எடுத்தாள், கதவைச் சாத்தினாள், போய்விட்டாள். மருந்து புட்டியில் பாதிக்குமேல் இருந்தது, வாத்து. காலையில் நான்தானே அவள் கண்ணில் விட்டேன்.

குழந்தையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள், பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள், கடைசியில் என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். கால் மரத்துவிட்டது, மாற்றி வைக்கவில்லை. அம்மா நிதானமாகத்தான் வந்தாள். குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் தலையில் கையை வைத்து, "தலைவலின்னியே, நீயும் சித்த நேரம் படு" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை அம்மா வாயில் வராது, அது உனக்கே தெரியும். எனக்கு அது போதும்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னாயாமே. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் எலும்பு முறிவுப் பிரிவையே கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று, மாற்றல் வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்று. கட்டுப்போட்ட காலோடு அழுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறாய். எங்கள் வீட்டு நாற்காலியில் மட்டும் உட்கார முடியவில்லையா உனக்கு?

உனக்குத் தம்பி ஒரு சேதி சொல்லச் சொன்னான்: "வாத்தக்கா வீட்டுக்காரருக்குத் தலையில முடி இருந்தா கூட்டிட்டு வரச் சொல்லு, இல்லைன்னா சும்மா வரட்டும்." அம்மா சொல்லச் சொன்னது: டீயைக் குடிக்காமல் போனதற்கு உன்னைத் திட்ட வேண்டுமாம், அதற்காகவாவது வரவேண்டுமாம். இனிமேல் வந்து தொந்தரவு செய்ய மாட்டேன் என்று படியில் வைத்துச் சொன்னாயாம். அதைக் கேட்டுத்தான் அம்மாவுக்கு அன்று முதலில் அழுகை வந்ததாம்.

நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்கு முழுசாகக் கோபம் போய்விடவில்லை. சில நாள் துணி வெட்டும்போது திடீரென்று பொங்கும். கூடவே, உன்னைப் போல என்னைச் சிரிக்கவைத்தவர் அப்புறம் யாருமே இல்லையே என்றும் தோன்றும். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் குடியிருக்கின்றன, ஒன்றையொன்று விரட்டவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை தொட்ட பிள்ளைகள் எல்லாம் ஓடி விளையாட வேண்டும். மிச்சமிருக்கும் கோபத்தைத் தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. நேரில் வந்து வாங்கிக்கொள்.

என்றும் உன்,
கொக்கு