பின்மூடியின் ரப்பர் வளையம்

பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போன வருஷம். ஆபீஸ் ஜீப்புக்கு டயர் கிடைக்காமல் மழைக்காலம் முழுக்க நாம் நடந்தே மலை ஏறிய வருஷம். உங்கள் மூத்தவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பொக்கை வாயோடு போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்று அழுத வருஷம். எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வருஷம் மங்கின நட்சத்திரம் இந்த மாசக் கடைசியில் மறுபடியும் மங்கப்போகிறதாம்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "போன் போட்டுத் தரேன், பேசுங்களேன் மாமா" என்றாள். எனக்குப் பக்கத்தில் கத்திச் சொன்னால்தான் கேட்கும், போனில் கேட்காது, உங்களுக்குப் பேச வாய் வராது. எழுதும்மா என்றேன்.

போன வாரம் அப்சர்வேட்டரியிலிருந்து ஓர் இன்ஜினீயர் அம்மா வீடு தேடி வந்தார்கள். புது ஸ்பெக்ட்ரோ ரிப்பேருக்குப் போய்விட்டதால், கிடங்கில் கிடந்த நம் பழைய ஸ்பெக்ட்ரோவை வெளியே எடுத்திருக்கிறார்கள். மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு, அது என்ன என்கிறாள். நட்சத்திர வெளிச்சத்தை வானவில்லாகப் பிரித்து, அதில் விழுகிற கறுப்புக் கோடுகளைப் படம் பிடிக்கிற பெட்டி என்றேன். "இதுக்கா ரெண்டு குடும்பம் பேசாம இருந்துச்சு?" என்கிறாள். இதையும் எழுது என்றேன்.

அவளுக்காக மிச்சத்தையும் சொன்னேன். படம் பிடிக்கிற குடுவையில் முதலில் பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சவேண்டும், பிறகுதான் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்கவேண்டும், காற்று மிச்சமிருந்தால் உள்ளே பனி பூத்துவிடும், அன்றைக்குப் பூத்தது, காயவைத்து மறுபடி குளிரவைப்பதற்குள் நட்சத்திரம் பழைய வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. விசாரணையில் மெக்கானிக்கான நீங்கள், "மச்சான் அவசரப்பட்டு ஊத்திட்டார்" என்றீர்கள். ஊற்றுகிற வேலையிலிருந்து எடுத்து, என்னைக் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். அவ்வளவுதான் கதை.

"பழைய ஆளுங்க பக்கத்துல நின்னா தைரியமா இருக்கும்" என்று அந்த அம்மா கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன். நீங்களும் வாருங்கள். நான் பழசைப் பேசமாட்டேன். இது அடுத்த தரம் மங்கும்போது நாம் இரண்டு பேரும் இருக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். மூட்டுவலி காரணமாக என்னால் படி ஏற இயலாது. கண்ணிலும் புரை. எனவே வருவதற்கில்லை.

அந்த இன்ஜினீயரிடம் ஒன்று மட்டும் சொல்லவும். பம்ப் போடுவதற்கு முன் குடுவையின் பின்மூடியில் உள்ள ரப்பர் வளையத்தை மாற்றிவிட வேண்டும். அது அன்றைக்கே விறைத்துப் போயிருந்தது.

தங்கள்,
மாப்பிள்ளை

பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மருமகளை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். இரண்டாவது தரம் படித்துவிட்டு அவளே என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கே விறைத்துப் போயிருந்தது. அப்படியானால் காற்று அந்த வளையத்தின் வழியாகத்தான் புகுந்தது என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.

முதலில் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். "தட்டு என்ன பண்ணுச்சு மாமா?" என்று இவள் பின்னாலேயே வந்தாள்.

மறுநாள் மலைக்குப் போனேன். பின்மூடியைக் கழற்றினார்கள். வளையத்தை விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதுசுக்குக் கிரீஸ் தடவிப் போட்டு, பம்பை ஓடவிட்டார்கள். அதே கடகட சத்தம். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, தரையில் கால் வைத்தால் தெரிகிறது. குளிர்ந்த பிறகு ஆர்கான் விளக்கைப் போட்டுக் கோடுகள் சரியாக விழுகின்றனவா என்று பார்த்தார்கள். ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. அந்த அம்மா லென்ஸைத் திருகித் திருகி, கோடெல்லாம் ஊசி மாதிரி ஆனதும் கைதட்டிக் குதித்தார்கள். அவர்கள் வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள். நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். புது வளையம் ஸ்டோரிலிருந்து வந்திருக்காது. பழையதைப் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். அப்போது உங்கள் வேலை நிரந்தரமாகவில்லை, எனக்கு ஆகியிருந்தது. மாப்பிள்ளை, ஒரு வார்த்தை, "மச்சான், இப்படி ஆயிடுச்சு" என்று என் காதில் போட்டிருந்தால், நானே அவசரப்பட்டு ஊற்றினேன் என்று சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

தங்கச்சி ஒரு தரம் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணே, விட்டுடேன்" என்றாள். "உன் புருஷன் வந்து வாயால சொல்லட்டும், அப்புறம் வா" என்றேன். அவள் உள்ளே வரவேயில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நியாயம் என் பக்கம்தான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். அவள் போன சேதி வந்தபோது பஸ் பிடித்து உங்கள் தெரு முனை லாரி ஷெட் வரைக்கும் வந்தேன். அங்கிருந்து பார்த்தால் உங்கள் வாசலில் கூட்டம் தெரிந்தது. உங்கள் தலையும் தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. மருமகள் இப்போதுதான் கேட்கிறாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதுகிறாள்.

வாயால் சொல்லவேண்டும் என்றேன், நீங்கள் கையால் எழுதிவிட்டீர்கள். அது போதும். படி ஏறவேண்டியதில்லை, இப்போது லிப்ட் வைத்திருக்கிறார்கள். அடுத்த சாக்குக்கு வேறு வலி பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பிப்ரவரி 23

மச்சான்,

லாரி ஷெட்டில் நின்றது நீங்கள்தான் என்று மூத்தவள் அன்றே சொன்னாள். நான்தான் இருக்காது என்றேன்.

உங்கள் தங்கை கடைசிவரைக்கும் உங்கள் பக்கம்தான் பேசினாள். சண்டை வந்தால், "எங்கண்ணன் அவசரக்காரன் இல்ல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எனக்கு அதுவே போதுமான தண்டனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். என்னைக் கண்டதும் டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு நின்றேன். கண்டக்டர் கடைசியாக இறங்கிக் கதவைச் சாத்தினான். "யாரைப் பாக்குறீங்க பெரியவரே?" என்றான். சொந்தக்காரர் என்றேன். இரண்டு டீயையும் நானே குடித்தேன். மருமகள் உங்கள் மூத்தவளுக்குப் போன் போட்டாள். "அப்பா புதுச் சட்டை போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாரு. பையை மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. பஸ் போனதும் திரும்பி வந்துட்டாரு" என்றாளாம்.

எனக்குக் கோபம் இல்லை. லாரி ஷெட்டோடு திரும்பின ஆள் நான், உங்களை என்ன சொல்வது?

வேலை நன்றாக நடந்தது. வளையம் நின்று பிடித்தது, கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனி இல்லை. நட்சத்திரம் மங்க மங்க, புதுக் கோடு ஒன்று பழைய கோட்டுக்குப் பக்கத்தில் மெல்ல வந்து உட்கார்ந்தது. அந்த அம்மா திரையில் தொட்டுக் காட்டினார்கள். நாம் அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டியது இதுதான். சும்மா ஒரு கோடு. தங்கச்சி பார்த்திருந்தால், இவ்வளவுதானா என்று கேட்டிருப்பாள்.

வருவதற்கு உங்களுக்கு இனி நட்சத்திரம் வேண்டாம். வெறுமனே வரலாம். பஸ் தினமும் ஓடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

உறையை ஒட்டப் போன மருமகளை நிறுத்தி இதையும் சேர்க்கச் சொல்கிறேன். புறப்படும்போது அந்த அம்மா, "முதல் தடவை இங்க இருந்தவங்க வேற யாராவது இருக்காங்களா? அவங்களுக்கும் படம் அனுப்பணும்" என்று கேட்டார்கள். யோசித்துச் சொன்னேன். டெலஸ்கோப் டோமில் காத்துக்கொண்டு நின்ற பேராசிரியர் அம்மா, ஓய்வு வாங்கின மறுவருஷமே போய்விட்டார்கள். பம்ப் சத்தத்திலும் தூங்குவாரே, குறட்டை என்று கூப்பிடுவோமே, அவர் மகன் வீட்டில் தூக்கத்திலேயே போனார். ஜீப் டிரைவர் போன மழைக்குப் போனார். நமக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பின தங்கச்சியும் போய்விட்டாள். என்னை மச்சான் என்று கூப்பிட ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு அனுப்புங்கள் என்று உங்கள் விலாசம் கொடுத்தேன். நீங்கள் ஒருத்தர்தான், மாப்பிள்ளை.