ஒரு காயமும் இல்லாதவன்

ஏப்ரல் 14

காலையில் மறுபடியும் பனி. ஏப்ரல் பாதி ஆகிவிட்டது, இன்னும் விட்டபாடில்லை. வாசலை வாரித் தள்ளிவிட்டு உள்ளே வந்தால், கொரின் என் ஷேவிங் செட்டை எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். பிளேஆஃப், கோப்பைக்கான அந்தக் கடைசிச் சுற்றுகள், முடிகிற வரை ஐஸ் ஹாக்கிக்காரன் முகத்தில் பிளேடு படக் கூடாது. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான், என் மனைவிக்கு முழு நம்பிக்கை.

"ஜூன் வரைக்கும் கரடியோடதான் குடித்தனம் நடத்தணும்போல" என்றாள்.

ஜூன் வரை ஆடினால் கோப்பை. ஏன் ஆடமாட்டோம்? இந்த சீசனில் லீக்கிலேயே என்னைவிட அதிகமாக கோல் போட்டவன் ஒருத்தன்தான். நான் கேப்டன். உடம்பு கல்லுபோல இருக்கிறது. நாளை மறுநாள் முதல் ஆட்டம். முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிறவன் அடுத்த சுற்றுக்கு.

ஏப்ரல் 17

ஒரு ஷாட். மொத்த ஆட்டத்திலும் கோலை நோக்கி ஒரே ஒரு ஷாட்! அதுவும் தூரத்திலிருந்து அடித்தது. கோல்கீப்பர் கொட்டாவி விட்டுக்கொண்டே பிடித்தான்.

எதிரணியில் வோஸ் என்று ஒரு தடுப்பாட்டக்காரன். கதவு உயரம். சீசனில் அவனோடு ஆடியிருக்கிறேன், தாண்டிப் போயிருக்கிறேன், அவன் பெயர்கூட நினைவில் நிற்கவில்லை. நேற்று நான் பனித்தளத்தில் கால் வைத்தால் அவனும் வைக்கிறான். நான் பெஞ்சுக்குப் போனால் அவனும் போகிறான். முதுகில் மட்டையால் குத்தினான், நடுவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இதே குத்துக்கு நவம்பரில் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைத்திருப்பார். பிளேஆஃப் வந்ததும் விசில் எங்கே போய்விடுகிறது?

தோற்றோம். பரவாயில்லை. ஒரு ஆட்டம்தானே.

ஏப்ரல் 19

நான் அடித்த ரப்பர் வட்டு, அந்த பக், கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டு தடவை. தோல்வி. வேறென்ன எழுத?

ஏப்ரல் 21

நேற்று ஜெயித்தோம். கோல் நான் போட்டதில்லை.

காலையில் கசாப்புக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் ஒரு பெரிய சாஸேஜ் கட்டைக் கூடவே வைத்துக் கட்டினாள்.

"கை எப்படி இருக்கு தம்பி?"

"எந்தக் கை?"

"ம்ம்... ஆமா ஆமா, நீ சொல்ல மாட்டே. சொல்லக் கூடாது. நானும் கேக்கல." கண்ணடித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் போன் வந்த பிறகுதான் புரிந்தது. அப்பா சஸ்காச்சுவானில், எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் தினமும் காலை உட்காருகிற கூட்டத்தில் ஒருத்தர். அங்கே நாலு கிழவர்கள், நாலு கப் காபி, பத்து அணிகளின் தலையெழுத்து.

"என்னடா, டிவியில பேசிக்கிறாங்களே, மணிக்கட்டா?" என்றார்.

"என்னப்பா?"

"என்கிட்டயேவா மறைக்கிற? உடையாமலா நீ இப்படி ஆடுவே? அந்த மெல்வின் பய, 'உம்மவன் பெரிய ஆட்டம்னா பம்மிடுவான்'னு சொன்னான். விட்டேனா? 'உடைஞ்ச மணிக்கட்டோட ஆடுறான்டா என் பிள்ளை, உன்னால தும்மவாவது முடியுமா அப்படி'ன்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிளேஆஃப் நடக்கும்போது உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எங்கே அடி என்று தெரிந்தால் எதிரணி அங்கேயே அடிப்பான். எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வரும், இவனுக்கு விலா, அவனுக்குத் தோள்பட்டை என்று. அதுவரை மௌனம். என் மௌனத்தை அப்பா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் வழக்கத்தைத்தானே காப்பாற்றினேன்? அப்படித்தானே?

ஏப்ரல் 22

இன்று பயிற்சி முடிந்து குளியலறையில். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இத்தனை வருஷமாகப் பார்த்த அறைதான். இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றுகிறது. ஒருத்தனுக்கு விலாப்பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். ஒருத்தன் கையைத் தூக்க முடியாமல் இன்னொருத்தனிடம் தலைக்கு ஷாம்பூ போடச் சொல்கிறான். என் வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஆடுகிற டாசன் பெட்ராஷ் காலுறையைக் கழற்றினான். பாதம் பன்ரொட்டிபோல ஊதியிருந்தது. முதல் ஆட்டத்தில் பக்குக்குக் குறுக்கே காலை வைத்தானாம். எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. அதை ஷூவுக்குள் திணித்து மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறான்.

"பெட்ராஷ், உனக்கென்ன பைத்தியமா?"

"யாருக்குத்தான் இல்ல? சரி, உனக்கு எங்கே?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் துண்டோடு நின்றேன். என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இன்றைக்குப் பிறந்த குழந்தை மாதிரி இருந்தேன்.

வாய் தானாகச் சொன்னது: "மணிக்கட்டு."

பெட்ராஷ் தலையாட்டினான். "நினைச்சேன்டா மச்சான். நீ வெளியவே நில்லு. கோல் வாசல்ல அடி வாங்கிக்கிட்டு நிக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்."

அடப்பாவி, அடப்பாவி. எவனைத் திட்டுகிறேன்? என்னைத்தான்.

ஏப்ரல் 24

ஜெயித்தோம். தொடர் இப்போது இரண்டுக்கு இரண்டு. பெட்ராஷ் இரண்டு கோல். இரண்டும் அந்த வாசலில் நின்று, வோஸின் மட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில், விழுந்துகொண்டே போட்டவை. நான் வெளியே நின்று பாஸ் கொடுத்தேன். ஊரே என் பாஸைப் புகழ்கிறது. உடைந்த கையோடு என்ன பாஸ் பார், என்கிறார்களாம்.

கொரின் வைத்த தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஏப்ரல் 26

பெட்ராஷை நேற்று தூக்கிக்கொண்டு போனார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நின்றான். வோஸ் அவன் மேல் விழுந்தான். பாதம் முழுசாகப் போய்விட்டது. அவன் கத்தவில்லை, பனியைக் கையால் அடித்துக்கொண்டே கிடந்தான். தோற்றோம்.

கொரின் கேட்டாள்: "உன் கைக்கு நிஜமாவே ஏதாவது இருக்கா? நான் உன் பெண்டாட்டி. எனக்குத் தெரியாம எப்படி?"

"பிளேஆஃப்ல பேசக் கூடாது."

"என்கிட்டகூடவா? போடா."

ஏப்ரல் 28

முடிந்தது. நாலுக்கு இரண்டு, தோற்றோம். வீட்டுக்கு.

முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்க வேண்டும். பத்து நாளாகக் கொன்றுவிடலாம் என்று திரிந்தவர்கள் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்வார்கள். வரிசையில் வோஸ் வந்தான். கையுறை இல்லாத என் வலது கையைப் பிடித்தான். விடவில்லை. மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். நன்றாக, எலும்பு தட்டுப்படுகிற அளவுக்கு அழுத்தினான்.

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் முகம் மாறியது.

"வலிக்கலையா?"

நான் கையை இழுக்கப் பார்த்தேன்.

"உடைஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டோம். அதான் நீ கோல் வாசலுக்கு வரலைன்னு நினைச்சேன். உன் கையில அடிக்க வேணாம்னுகூட எங்க பசங்ககிட்ட சொன்னேன்." நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான்: "அப்போ ஏன்டா வரல?"

பின்னால் நின்றவன் தள்ள, நகர்ந்து போனான். எப்படி வீட்டுக்கு வண்டி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29

ஆறு ஆட்டத்தையும் வீடியோவில் போட்டுப் பார்த்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள்! துரதிர்ஷ்டம், கம்பம், நடுவர், வோஸ் — இவ்வளவு நாள் இவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேனே. பக்கைத் தள்ளிக்கொண்டு நான் வருகிறேன். கோல் வாசலுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது வெளிப்பக்கமாகத் திரும்பிவிடுகிறேன். முதல் ஆட்டத்தில், இரண்டாவதில், எல்லாவற்றிலும். அங்கே யாரோ சுவர் கட்டி வைத்திருப்பதுபோல. சீசனில் போட்ட கோல்களையும் போட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் அந்த வாசலில் நின்று போட்டவை. அப்போது அங்கே அடி இல்லை. அடித்தால் விசில் இருந்தது. இப்போது ஒரே ஆள், தினமும், விசில் இல்லாமல். நான் போகவில்லை.

பயந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல். காலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

கொரின் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். "நாளைக்குப் பத்திரிகைக்காரங்ககிட்ட என்ன சொல்லப் போறே?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 30

லாக்கரைக் காலி செய்கிற நாள். எல்லோரும் சாமானைக் கருப்புப் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தராக மைக் முன்னால் நின்று, எந்தக் காயத்தை மறைத்து ஆடினோம் என்று சொல்வார்கள். ஊர் கண்ணீர் விடும், மன்னிக்கும்.

முன்னாடியே கோச் கில்லிஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மணிக்கட்டு எலும்புல கீறல்னு சொல்லிடு. நானும் அதையே சொல்றேன்."

"கோச், என் கையில ஒண்ணும் இல்லை."

"தெரியும்டா. நாலாவது ஆட்டத்திலேயே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். யார் எக்ஸ்ரே கேக்கப் போறான்? இந்த ஊர்ல நீ இன்னும் பத்து வருஷம் இருக்கணும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பெட்ராஷை வாசலில் நிற்க விட்டார். அவரைச் சொல்லி என்ன, நானும்தானே விட்டேன்.

பெட்ராஷ் ஊன்றுகோலோடு சுவரில் சாய்ந்து நின்றான். என் முறை வந்தது. "கேப்டன், உங்களுக்கு என்ன காயம்?" கேட்கும்போதே அந்தப் பெண் நிருபர் பாதி எழுதிவிட்டாள்.

"ஒண்ணும் இல்லை."

"இப்பவாவது சொல்லலாமே, சீசன்தான் முடிஞ்சிருச்சே?"

"எனக்கு எந்தக் காயமும் இல்லை. கோல் வாசல்ல நிக்கப் பயந்தேன். மணிக்கட்டுன்னு பெட்ராஷ்கிட்ட பொய் சொன்னேன். எனக்குப் பதிலா அவன் நின்னான்."

பெட்ராஷ் என்னைப் பார்த்த பார்வை! கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வெளியே போனான்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"டிவியில அது நீதானா?"

"நான்தான்பா."

"கையில ஒண்ணுமே இல்லையா?"

"இல்லைப்பா."

வைத்துவிட்டார்.

மே 19

அம்மா போனில் சொன்னாள்: அப்பா கூட்டுறவுக் கடைக்குப் போவதில்லையாம். வீட்டிலேயே காபி போட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனியாகக் குடிக்கிறாராம். என்னிடம் பேச வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பேச?

செப்டம்பர் 20

கேப்டன் சட்டையில் தைக்கிற 'C' எழுத்து இப்போது பெட்ராஷின் சட்டையில். சரிதான்.

கில்லிஸிடம் போய், இந்த வருஷம் வாசலில் என்னை நிறுத்துங்கள் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். பயிற்சியில் நிறுத்தினார். நம் பையன்களே பின்கழுத்தில் போட்டார்கள், கொஞ்சம் ஆசையாகவே போட்டார்கள். கால் வெளியே திரும்பப் பார்த்தது. விடவில்லை. பெட்ராஷ் இன்னும் என்னோடு பேசுவதில்லை, ஆனால் பாஸ் கொடுக்கிறான்.

ஏப்ரல் 23

பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நேற்று பிளேஆஃப் இரண்டாவது ஆட்டம். வாசலில் நின்றேன். எவனுடைய மட்டை என்று தெரியவில்லை, தாடை இரண்டு இடத்தில் போய்விட்டது. கோல் நான் போடவில்லை. நான் கோல்கீப்பர் மேல் கிடந்தபோது, என் முதுகுக்கு மேலே பெட்ராஷ் அடித்தான். உள்ளே போனது. என்னைக் காலரைப் பிடித்துத் தூக்கி, "செத்துட்டியாடா?" என்றான். ஒரு வருஷத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

இன்று மதியம், கொரினுடைய போனுக்கு அப்பா கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டு என் படுக்கையில் வைத்தாள்.

"அவன் எங்கேம்மா? பேசச் சொல்லு."

"பேச முடியாது மாமா. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க."

அப்பா தயங்கித் தயங்கி, "நிஜமாவா?" என்றார்.

கொரின் என்னைப் பார்த்தாள். "நிஜம்தான் மாமா. எக்ஸ்ரேயை நானே பாத்தேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிம்மா. அவன்கிட்ட சொல்லு. இந்தத் தடவை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."